காலைச் சாப்பாடு வேண்டாம் என்ற ஜூஃப்

1

யாந்தே அம்மாவின் மானத்துக்கு விலை, ஓர் இரவுக்கு நாற்பத்திரண்டாயிரம் ஃபிராங்க். காலைச் சாப்பாடு சேர்த்து. ஹோட்டல் பலகையில் நாற்பத்தெட்டாயிரம் என்றுதான் போட்டிருந்தது. ஆறாயிரத்தைக் குறைத்தது நான்.

இந்தக் கதை பிறந்ததும் அந்த ஆறாயிரத்தில்தான். வாயை மூடிக்கொண்டு நாற்பத்தெட்டைக் கொடுத்திருந்தால் எனக்கும் தொல்லையில்லை, உங்களுக்கும் வாசிக்கிற வேலை மிச்சம். ஆனால் செனகல் நாட்டு டாக்கர் நகரத்துத் துணிச் சந்தையில் வளர்ந்த ஒருவன் எழுதிப்போட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தான் என்று எழுதினால், அதை முதலில் நானே நம்பமாட்டேன்.

நான் சுல்தான் மரைக்காயர். வாப்பா காரைக்காலிலிருந்து இங்கே வந்து துணி மொத்தக்கடை போட்டவர். இப்போது கடை என்னுடையது. யாந்தே ஜூஃப் பக்கத்துக் கடைக்காரி, எங்களிடம் மொத்தமாக எடுத்துச் சில்லறையில் விற்பவர். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே தன் குடும்பப் பெயரைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார். இந்த ஊர்க் குடும்பப் பெயர் இல்லாதவனை இங்கே ஒழுங்காகத் திட்டக்கூட முடியாது. ஆக நான் சுல்தான் ஜூஃப். அவர் எனக்கு யாய். (இங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பழந்தமிழிலும் அப்படித்தானாம். இந்த ஒன்றை மட்டும் நான் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டேன்.)

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள். கிழித்ததை வீணாக்குகிற பழக்கம் துணிக்கடையில் கிடையாது என்பதால் இங்கேயே தைத்துவிடுகிறேன்.

'விமானம் தாழ்ந்தபோது திபோர் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். அவள் கண்கள்' — பார்க்கவில்லை. நடு இருக்கை. சன்னலுக்குத் தனிக் காசு.

'பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு தாய்வீடு திரும்பும் ஒரு மகளின்' — இதற்குப் பின்னணி இசை வேண்டும். என்னிடம் இல்லை.

'நடுத்தர ஹோட்டல் என்பது ஒரு மனநிலை. மூன்று நட்சத்திரம், அதில் இரண்டுக்கு மட்டும் விளக்கு எரியும்' — இது எனக்குப் பிடித்தது. அரை நாள் இதிலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் இல்லாத நீச்சல் குளம், அதில் காயப்போட்ட படுக்கை விரிப்புகள், மேசையில் கயிறு கட்டிவைத்த ஏசி ரிமோட், 'கடல் காட்சி' என்ற விளம்பரம், அந்தக் கடலுக்கும் சன்னலுக்கும் நடுவில் இரண்டு தெருவும் ஒரு பெட்ரோல் பங்கும். எழுத எழுத நன்றாக வந்தது. கதைதான் வரவில்லை.

3

கதை தொலைபேசியில் வந்தது. திபோர் யாந்தே அம்மாவின் மூத்த மகள், என்னைவிட இரண்டு வயது பெரியவள், இத்தாலியில் துரின் நகரத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவள் தம்பி லாத்திருக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. பிறந்த எட்டாம் நாள் பெயர் வைப்பார்கள். அன்று அப்பா வழி அத்தை கையில்தான் குழந்தை இருக்க வேண்டும். அத்தை இல்லாமல் நடத்தலாமா என்று கேட்டால், நடத்தலாம், மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடத்துகிற மாதிரி.

"வர்றேன்டா," என்றாள். "ஆனா வீட்ல தங்கமாட்டேன். நீ ஒரு ஹோட்டல் பாத்து வை. சுமாரானது போதும். யாய்க்குத் தெரியக் கூடாது."

சொந்த ஊரில், பெற்றவள் வீடு இருக்கும்போது, மகள் ஹோட்டலில் படுப்பது என்றால் அந்தத் தாயை நடுச்சந்தையில் நிறுத்தி அடிப்பதற்குச் சமம். நீயே இணையத்தில் போட்டுக்கொள்ளேன் என்றேன், தப்பிக்கிற எண்ணத்தில்.

"என் கார்டை எடுத்துக்க மாட்டேங்குது அந்த சைட்டு," என்றாள்.

அந்த இணையதளத்தைத் திட்டினேன். கடைக்காரன் நான், வாடிக்கையாளர் கார்டு வேலை செய்யவில்லை என்றால் அதற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. அக்கா என்றால் புத்தி வேறு அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

4

வரவேற்பு மேசைக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண்மணி.

பலகையில இருக்கறது டூரிஸ்ட்டுக்கு, எனக்கு என்ன விலை என்று ஆரம்பித்தேன். பெயர் கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரை அப்போதுதான் படித்தேன்: ஜெய்னபா தால். முடிந்தது என் மத்தியானம்.

ஜூஃப்களுக்கும் தால்களுக்கும் எத்தனையோ தலைமுறையாக ஓர் ஒப்பந்தம். பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் அடிமை என்று திட்டிக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தவன் தோற்றான். இரத்த உறவு வாய்திறக்க அஞ்சுகிற விஷயத்தைக்கூட இவர்கள் திட்டோடு திட்டாகச் சொல்லிவிட்டுப் போகலாம். (இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.)

"சுல்தானாம். என் அடிமைக்கு வந்த பேரைப் பாரு," என்றார். "ஜூஃபுக்கு எதுக்குய்யா ரூமு? ஒரு அண்டா மீன் சோத்தை வாசல்ல வெச்சா அதுகிட்டயே படுத்துக்குவானே."

"மாட்டுப் பால் திருடி மாட்டிக்கிட்ட தாலெல்லாம் மேசை போட்டு உக்காந்தா எஜமானி ஆயிடுமா? எழுந்து நின்னு விலையைச் சொல்லு."

எழுந்து நின்றார். நாற்பத்தேழு என்றார். தேதி கேட்டார்.

"குழந்தை பிறக்கணும்," என்றேன்.

"இங்க பிரசவம் பாக்கறதில்ல."

விளக்கினேன். இன்னும் பிறக்காத ஒரு ஆள் எங்கள் பயணத் திட்டத்தைக் கையில் வைத்திருக்கிறது. பிறந்தால்தான் எட்டாம் நாள் எது என்று தெரியும். ஹோட்டல் கணினியில் 'பிறந்த பிறகு' என்று ஒரு தேதி இல்லை. பென்சிலால் நான்கு இரவு குறித்துக்கொண்டு, ஜூஃப் குழந்தைகள் வயிற்றிலும் சோறு தீரும்வரை வெளியே வராது என்றார். நாற்பத்தைந்துக்கு இறங்கினார். அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பேரம் பேசுகிறவனுக்குள் ஒரு பிராணி உண்டு. விலை அசைகிறது என்று தெரிந்துவிட்டால் அது கயிற்றை அறுத்துக்கொள்ளும். "துணிச் சந்தை யாந்தே ஜூஃப்கிட்டத் துணி எடுக்காத தால் இந்த ஊர்ல உண்டா?" என்றேன். "என் யாய் அவங்க. உனக்குப் பண்டிகைக்குப் பண்டிகை எவ்வளவு குறைச்சிருப்பாங்க, அதை இப்ப எனக்குத் திருப்பிக் கொடு."

ஜெய்னபா தால் என்னை ஒரு கணம் பார்த்தார். நாற்பத்திரண்டு என்று எழுதினார். அறை யார் பெயரில் என்று கேட்டார்.

"திபோர் ஜூஃப்," என்றேன், வெற்றி மயக்கத்தில்.

5

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம்.

முதல் பிரதியில் திபோரைத் திமிர்பிடித்தவளாக எழுதியிருந்தேன். கறுப்புக் கண்ணாடி, கொசுவைக் கண்டால் முகச்சுளிப்பு, 'வெந்நீர் வருமா?' என்ற கேள்வி. எழுத வசதியான ஆள். இத்தாலியிலிருந்து வந்தவள் வீட்டில் படுக்கமாட்டேன் என்கிறாள், வேறென்ன காரணம் இருக்க முடியும்?

இரண்டாம் பிரதியில் அவளுக்கும் தாய்க்கும் பழைய சண்டை ஒன்றைக் கட்டினேன். பத்துப் பக்கம். ஒரு பானையைக்கூட உடைத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அவர்கள் வாரா வாரம் தொலைபேசியில் பேசுகிறவர்கள். என்ன சமைத்தாய், மழை வந்ததா, உன் மூட்டு எப்படி இருக்கிறது. இதில் எங்கே போய்ப் பானையை உடைப்பது?

மூன்றாம் பிரதியை நான் எழுதவில்லை. ஜெய்னபா தால் எழுதினார், ஒரு சனிக்கிழமை, துணி வாங்க வந்த இடத்தில்.

6

என் கடைக்கும் யாந்தே அம்மா கடைக்கும் நடுவில் சுவர் இல்லை, தொங்கவிட்ட துணிகள்தான். ஜெய்னபா தால் உள்ளே நுழைவது தெரிந்தது. நான் ஒரு மஞ்சள் துணிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வெட்கம்கெட்ட செயல்தான். கதாசிரியனுக்கு இதுவும் ஒரு தொழில் வசதி.

இருவரும் கால்மணி நேரம் திட்டிக்கொண்டார்கள். யாந்தே அம்மா அவரை மாட்டுக்குப் பிறந்தவள் என்றார். ஜெய்னபா தால், அடிமை விற்கிற துணிக்கு எஜமானி காசு கொடுப்பதாவது என்று ஒரு நீலத் துணியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சிரிப்பு. பிறகு, காசை எண்ணிக்கொண்டே, அதே குரலில்:

"ஆனா உன் பொண்ணு ஜூஃபே இல்ல. எங்க ஹோட்டல்ல ரூம் போட்டிருக்கு. போன வாரம் அதுவே இத்தாலியிலேருந்து கூப்பிட்டு, காலைச் சாப்பாடு எனக்கு வேண்டாம், அதை எடுத்துட்டா எவ்வளவு குறையும்னு கேக்குது. சோறு வேண்டாம்னு சொல்ற ஜூஃபை நான் பொறந்ததுலேருந்து பாத்ததில்ல. நீ பாத்திருக்கியா?"

யாந்தே அம்மாவின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. கை மட்டும் துணி மடிப்பதை நிறுத்தியது.

"அதைப் பொறந்தப்பவே தால் வீட்டுல மாத்தி எடுத்துட்டு வந்திருப்பேன்," என்றார்.

ஜெய்னபா தால் போய்விட்டார். நான் மஞ்சள் துணிக்குப் பின்னால் நின்று கூட்டிக் கழித்தேன். வேலை செய்யாத கார்டு. நடு இருக்கை. வேண்டாம் என்ற காலைச் சாப்பாடு. அந்த இணையதளம் ஒழுங்காகத்தான் இருந்தது. இத்தாலியில் வேலை போயிருந்தது.

ஐரோப்பாவிலிருந்து ஒருவர் வந்து இறங்கினால் மறுநாள் விடிகாலையிலேயே முற்றத்தில் உறவு வந்து உட்காரும். அது பிச்சை இல்லை, உரிமை. ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது வைத்து அனுப்ப வேண்டும். கணக்குப் பார்த்தால் தாய்வீட்டைவிட ஹோட்டல் மலிவு. அக்கா அந்தக் கணக்கைத்தான் பார்த்திருக்கிறாள். நான் அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

7

யாந்தே அம்மா என்னைக் கூப்பிட்டு அறைவார் என்று எதிர்பார்த்தேன். எழுதியும் வைத்திருந்தேன்: 'அவர் கண்களில் தீ' — அடித்துவிட்டேன், தீ இல்லை.

திங்கட்கிழமை அவர் செய்தது வேறு. கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற எல்லாரிடமும், மசாலாக் கடைக்காரி முதல் ஒன்றுவிட்ட நாத்தனார் வரை, தானே சொல்ல ஆரம்பித்தார். "எம் பொண்ணு வர்றா. இப்பல்லாம் பெரிய மனுஷி. எம் வீட்டுக் கட்டில்ல படுக்கமாட்டாளாம். ஹோட்டல்லதான் தங்குறா. பாக்கணும்னா அங்கயே போய்ப் பாருங்க." ஹோட்டல் பெயர், தெரு, எந்தப் பேருந்து என்பதுவரை சொன்னார்.

மறுநாள் மதியத்துக்குள் சந்தை முழுக்க இரண்டு பேச்சு. திபோருக்குத் தலைக்கனம். யாந்தேவுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை. முப்பது வருடம் அந்த வரிசையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் பொத்தான் விற்கிறவன்கூட உச்சுக்கொட்டினான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கோபத்தில் மகளை அவமானப்படுத்துகிறார் என்று ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி. அதை இங்கே போட முடியாததற்குக் காரணம், அன்று சாயங்காலம் அவர் என் கடைக்கு வந்து ஒரு பேல் துணி கேட்டார். இருபது துண்டு, இத்தாலியப் பூப்போட்டது, துண்டு ஒன்பதாயிரம், கடனுக்கு.

"ஒன்பதா?" என்றேன், அவர் ஏழு என்று சொல்வதற்கு இடம்விட்டு.

"ஒன்பதுன்னா ஒன்பது," என்றார்.

முப்பது வருடத்தில் யாந்தே ஜூஃப் பேரம் பேசாமல் எடுத்த ஒரே சரக்கு. எழுதிய பத்தி அந்த இடத்திலேயே செத்தது.

8

குழந்தை பிறந்தது. ஆண். ஜெய்னபா தால் பென்சிலை அழித்துப் பேனாவால் எழுதினார்.

விமான நிலையத்துக்கு யாந்தே அம்மாவும் நானும் போனோம். அம்மாவைப் பார்த்ததும் திபோர் என்னை முறைத்த முறைப்பில் இந்தக் கதையைப் பாதியில் விட்டுவிடலாமா என்று தோன்றியது. யாந்தே அம்மா மகளைக் கட்டிக்கொண்டார், வெகுநேரம். பிறகு, "உன் கட்டில்ல விரிப்பு மாத்தி வெச்சிருக்கேன். ஹோட்டல் ரூம் எனக்கு. முதுகு வலிக்கு ஏசி நல்லதாம்," என்றார். திபோர் வாய் திறப்பதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அடுத்த நான்கு நாளும் யாந்தே அம்மா இருந்த இடம் ஹோட்டல் கூடம். கஞ்சி போட்ட பெரிய அங்கி, தலைக்கட்டு, காதில் இருக்கிற தங்கமெல்லாம். உள்நாட்டு ஊரான ஃபாத்திக்கிலிருந்து இராப்பேருந்து பிடித்து வருகிற உறவுகள் ஆறு மணிக்கே நேராக அங்கேதான் வந்தார்கள். அதனால் இராத்தங்கலும் அங்கேயே. வருகிறவர்கள் திபோரைக் கேட்பார்கள். ஜெய்னபா தால் பெருமூச்சோடு ரிசீவரை எடுத்து, யாரும் இல்லாத அறைக்கு மணியடித்து, "மேடம் எடுக்கலை," என்பார். கூடவே, சோற்று வாசனைக்கு ஜூஃப் கூட்டம் நூறு மைல் தாண்டியும் வந்துவிடும் என்று ஒன்றையும் சேர்த்துக்கொள்வார்.

"தூங்குறா," என்பார் யாந்தே அம்மா. அல்லது, "வெளிய போயிருக்கா. இந்தா, உனக்குன்னு கொடுத்துட்டுப் போனா." கையில் ஒரு துண்டு. இத்தாலியப் பூ. அவர் கைப்பையில் எட்டிப் பார்த்தேன். துணியில் குத்தியிருந்த என் கடை அட்டைகள் இருபதும் கிழித்துப் போட்டபடி உள்ளே கிடந்தன.

ஒரு சித்தி துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டாள். "நல்ல துணி. மனசு இருக்கு பொண்ணுக்கு. ஆனா யாந்தே, பெத்தவ வீட்ல படுக்கமாட்டேன்னுட்டாளே. அப்படியா வளத்த?"

"ஆமா," என்றார் யாந்தே அம்மா. "என் வளர்ப்பு அப்படி."

சித்தி போன பிறகு, எதற்கு இதெல்லாம், உண்மையைச் சொன்னால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கேட்டேன். அவர் காலைச் சாப்பாட்டு ரொட்டியையும் முட்டையையும் காகிதத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். தினமும் சுற்றுவார்; மதியம் ஒரு மணி நேரம் டாக்ஸியில் வீட்டுக்குப் போய் மகளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

"வெறுங்கையோட வந்தாங்கறதைவிடத் திமிரோட வந்தாங்கறது கேக்க நல்லா இருக்குடா," என்றார்.

இங்கே அதற்கு சுத்துரா என்று பெயர். அடுத்தவர் குறையின் மேல் போர்வையை இழுத்துவிடுவது. போர்வை எட்டவில்லை என்றால் தன்னுடையதைக் கழற்றிப் போடுவது.

9

எட்டாம் நாள், டாக்கரை ஒட்டிய ருஃபிஸ்கில் லாத்திர் வீட்டில் பெயர்சூட்டு. திபோர் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஏற்கெனவே கிடைத்திருந்தது. அந்தச் சித்தி இத்தாலியப் பூவைத் தைத்து உடுத்தி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கொண்டுவந்தது. எப்படி இருக்கு பாரு."

திபோர் துணியைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். "உங்களுக்குன்னே எடுத்தது மாதிரி இருக்கு," என்றாள்.

மறுநாள் விமான நிலையத்தில் என்னிடம் எரிந்து விழுந்தாள். "ஊரெல்லாம் என்னைத் திமிர்பிடிச்சவன்னு சொல்லி வெச்சிருக்கா. பதினொரு வருஷம் கழிச்சு வர்றேன், ஒரு ராத்திரி எம்பக்கத்துல படுத்தாளா? ஏசி ரூம் பெருசாப் போச்சு அவளுக்கு."

"முதுகு வலி அக்கா," என்றேன்.

"தெரியும்," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இனி முடிவுகள்.

ஒன்று: நான் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள் அழுகிறாள், தாயைக் கூப்பிடுகிறாள், வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். யாந்தே அம்மா போர்த்திய போர்வையை நான் உருவியதாக ஆகும். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு பக்கத்துக் கடையில் உட்காருவது?

இரண்டு: அவளுக்கு எல்லாம் தெரியும். துணிக்கடையில் வளர்ந்தவளுக்கு அது யார் கடைப் பேல் என்று தெரியாதா? தாய் போர்த்தியது கலையக் கூடாதென்று, தெரியாதவளாக, கோபக்காரியாக அவளும் தன் போர்வையைப் போட்டாள். அந்த 'தெரியும்' முதுகு வலியைப் பற்றியது இல்லை.

மூன்று: 'பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள்' — வேண்டாம்.

எது என்று நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாவது வேண்டும், ஆனால் வேண்டும் என்று காட்டிவிட்டால் விலை ஏறிவிடும். ஒன்று மட்டும். துணிச் சந்தையில் இதை வாசிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அதனால்தான் தமிழில் எழுதினேன். உங்களில் யாராவது இந்தப் பக்கம் வந்தால், யாந்தே ஜூஃப் கடையில் துணி எடுங்கள், பேரம் பேசுங்கள், மகள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

10

கணக்கு.

அறை, நான்கு இரவு, நாற்பத்திரண்டாயிரம் வீதம்: ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். யாந்தே அம்மா கட்டிவிட்டார்.

பேரத்தில் நான் மிச்சம் பிடித்தது, நான்கு இரவுக்கு: இருபத்து நாலாயிரம். யாரும் நன்றி சொல்லவில்லை.

துணி, இருபது துண்டு, ஒன்பதாயிரம் வீதம்: ஒரு லட்சத்து எண்பதாயிரம். மாதாமாதம் கொஞ்சம் கொண்டுவந்து வைக்கிறார். இன்னும் பேரம் பேசுவதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

காலைச் சாப்பாடு: வேண்டாம் என்றவளுக்கே போய்ச் சேர்ந்தது.

தாயும் மகளும் ஒரே கூரையின் கீழ் தூங்கியிருக்க வேண்டிய இரவுகள்: நான்கு. பாக்கி.